எதிர்க்கடைக்காரரின் மீட்டர்

முதலில் ஒரு விடுகதை. எஞ்சின் ஓடினால் உழைப்பான். எஞ்சின் நின்றால் தூங்குவான். உழைத்துக் கிடைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்து வைப்பான். இவன் கொடுக்காமல் ஏமாற்றினாலும் ஊர் பழிப்பது அந்தப் பக்கத்து வீட்டுக்காரனைத்தான். இவன் யார்?

விடை, ஆல்டர்னேட்டர். எங்கள் பக்கத்தில் பழைய பழக்கத்தில் டைனமோ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பேட்டரி. காரின் எஞ்சின் சுற்றும்போது ஒரு ரப்பர் பெல்ட் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றும். சுற்றினால் மின்சாரம் பிறக்கும். விளக்குக்கும் ஹாரனுக்கும் போக மீதி பேட்டரிக்குப் போய்ச் சேரும். ஆல்டர்னேட்டர் படுத்துவிட்டால் பேட்டரி கையிருப்பைக் கொடுத்துக் கொடுத்து ஒருநாள் தானும் படுத்துவிடும். வண்டிக்காரர் புது பேட்டரி வாங்குவார். அதுவும் படுக்கும். அதற்குப் பிறகுதான் எங்கள் ஞாபகம் வரும். அதனால் கார் எலெக்ட்ரீசியன் கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள்.

மதுரை வில்லாபுரத்தில் பன்னிரண்டு வருஷம் அப்படி ஒரு கடையைத் தனிக்காட்டு ராஜாவாக நடத்தினேன். பதின்மூன்றாவது வருஷம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தங்கவேல் கடை போட்டார். உங்கள் கடைக்கு நேர் எதிரே, உங்கள் தொழிலையே, உங்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்கிற ஒருவர் வந்து உட்கார்ந்ததுண்டா? உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள். இனி நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

வருமானத்தை நினைத்து நான் பயப்படவில்லை. தெற்கே வீடுகள் பெருகிக்கொண்டே போன காலம் அது. சின்னக் கார்களும் பெருகின. என் பயமெல்லாம் ஐந்தாம் வகுப்பு படித்த என் மகள் கயலைப் பற்றித்தான். பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து, பழைய பேட்டரிப் பெட்டியின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எங்க அப்பாவுக்குத் தெரியாத கார் மதுரையிலேயே கிடையாது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பேர் எனக்கு வேண்டும். வேறு யாருக்கும் போய்விடக் கூடாது.

பேராசிரியரின் இரண்டு பேட்டரிகள்

தங்கவேல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. பசுமலையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தன் சின்னக் காரை இரண்டு பேர் தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடந்தே வந்தார். ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று, மூன்றாவதும் இறங்கிவிட்டது என்றார்.

எனக்கென்று ஒரு சோதனை உண்டு. தொழில் பழகிய நாளிலிருந்து செய்வது. வேறு பேட்டரியை வைத்து எஞ்சினைக் கிளப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒரு டெர்மினலைச் சட்டென்று கழற்றிவிடுவேன். எஞ்சின் நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது. நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். கயல் நோட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். கழற்றினேன். எஞ்சின் விக்கி நின்றது. கயல் கைதட்டினாள். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலம் உள்ளே போகலாம். அது இரண்டு அங்குலம் போனது. பெல்ட் தொளதொளத்து வழுக்கியிருக்கிறது, ஆல்டர்னேட்டர் சுற்றவே இல்லை. ஒரு போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரைச் சின்ன நெம்புகம்பியால் கொஞ்சம் நெம்பி, போல்ட்டை முறுக்கினேன். வேலை அவ்வளவுதான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஏந்தம்பி, அடுப்பு எரியலங்கிறதுக்கு நான் ரெண்டு தடவ பானைய மாத்தியிருக்கேன்.”

பால் காய்ச்சிய அன்று

தங்கவேல் வெற்றிலை பாக்கோடு வந்து என்னை அழைத்தார். என்னைவிட எட்டு வயது இளையவர், ஒல்லியாக, சட்டையில் கறை இல்லாமல் இருந்தார். கறையில்லாத எலெக்ட்ரீசியனை நம்பக் கூடாது என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்தேன். “அண்ணே, நீங்க வந்து சுவிட்ச் போட்டாத்தான் கடை தொறப்பேன்” என்றார். மரியாதை தெரிந்த மனிதரை வெறுப்பது எவ்வளவு சிரமம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

நான் போட்டது ஒரு சோதனை மேடையின் சுவிட்ச். வண்டியிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டரை அதில் பூட்டிவிட்டால் மோட்டார் அதைச் சுற்றும். வட்டமான மீட்டரில் சிவப்பு முள் மெல்ல எழுந்து பதினாலு வோல்ட்டில் நிற்கும். அதைத் தவிர கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்று, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயரோடு. கயல் அந்த முள் முன்னால் நின்றவள் நகரவில்லை. அவள் கையில் ஒயரைக் கொடுத்து ஒரு டார்ச் பேட்டரியை அளக்கச் சொன்னார் தங்கவேல். அவள் ஒன்றரை என்று வாசித்தாள். இன்னொன்றை அளந்து, இது செத்துப்போச்சு என்றாள்.

பாலைக் குடித்துவிட்டு ரோட்டைக் கடந்து வரும்போது, கையில் பிடித்திருந்த பிள்ளை நிமிர்ந்து கேட்டாள்: “அப்பா, நம்ம கடையில ஏம்ப்பா முள்ளு இல்ல?”

அறுத்த ஆல்டர்னேட்டர்

அந்த வருஷம் கயலின் பள்ளியில் ஒரு புது வழக்கம் வந்தது. வியாழக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, தன் தெருவில் தொழில் செய்யும் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். அவர் தன் வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். ஒரு வாரம் தையல்காரர் போனார். இன்னொரு வாரம் பூக்கட்டும் அம்மா போய்ப் பிள்ளைகள் கையில் நாரைக் கொடுத்தார். அரைப் பரீட்சை விடுமுறை முடிந்து இரண்டாவது வியாழன் கயலின் முறை.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? பரணிலிருந்து பழைய ஆல்டர்னேட்டர் ஒன்றை எடுத்துப் பட்டறை இடுக்கியில் இறுக்கி, ஹாக்சா பிளேடால் பாதியாக அறுக்க ஆரம்பித்தேன். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று, நடுவில் சுழலும் ரோட்டர், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் கார்பன் கட்டை எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அறுக்க நான்கு நாள் ஆனது. பெட்ரோலால் கழுவி, துணியால் துடைத்து வைத்தபோது பாதி மாதுளம்பழம் மாதிரி இருந்தது.

தங்கவேல் ரோட்டைக் கடந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். எதற்கு என்று சொன்னேன். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டு நான் கண்ட ஒரே தருணம் அது. அன்று மத்தியானம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். அவர் சொன்னது இது: “நம்மளையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துலண்ணே பேசக் கூப்பிடுவாக? குடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க.”

வீட்டு மொழி

சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர் மனைவியோடு வந்தார். எஞ்சினைக் கிளப்பினால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். நீளமான திருப்புளியின் நுனியை ஆல்டர்னேட்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் மாவு மில் ஓடுவது மாதிரிக் கேட்கும். கேட்டது. நான் குனிந்திருக்கும்போது அந்த அம்மா கணவரிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என் காது சிவந்துவிட்டது. திருப்புளியை வைத்துக்கொண்டு நிற்பவனைக் கேலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வேலை முடியும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்பேனர் இரவல் கேட்டு வந்த தங்கவேல், அவர்கள் பேசியதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதே மொழியில் இரண்டு வாக்கியம் பேசினார். அவருடைய வீட்டு மொழி அது இல்லை. சின்ன வயதில் அந்த மொழி பேசுகிறவர்கள் தெருவில் குடியிருந்தாராம். “டாக்டர் நெஞ்சுல குழாய வச்சுக் கேக்குற மாதிரி கேக்குறாருன்னு உங்களைத்தாண்ணே மெச்சிக்கிட்டாங்க” என்று எனக்குச் சொன்னார். என்னைப் பாராட்டியதையும் அவர் வாய்வழிதான் நான் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை அவர்கள் வண்டி எதிர்ப்பக்கம் நின்றது. வியாபாரி நல்லவர், ரோட்டைக் கடந்து வந்தே சொல்லிவிட்டுப் போனார்: “கோவிச்சுக்காதீங்க. வேல ரெண்டு பேருக்குமே தெரியுது. ஆனா வண்டிக்கு என்ன நோவுன்னு அங்க வீட்டுல பேசுற மாதிரியே சொல்லலாம்ல?”

மேலூர்த் தூசி

மேலூர் பக்கம் ஒரு கல் குவாரியின் மேற்பார்வையாளர் என் வாடிக்கையாளர். மாமனார் வீடு அவனியாபுரம் என்பதால் அடிக்கடி இந்தப் பக்கம் வருவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் காரில் சார்ஜ் விளக்கு எரியும். சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டிய சின்ன சிவப்பு விளக்கு அது. ஓடும்போதும் எரிந்தால் ஆல்டர்னேட்டர் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பார்ப்பேன். கார்பன் கட்டைகள் தேய்ந்து, கடலைப் பருப்பு அளவுக்கு வந்திருக்கும். புதுசு போட்டுக் கொடுப்பேன். மூன்று தடவை போட்டேன். கம்பெனி கார்பன் சரியில்லை என்று மூன்று தடவையும் திட்டினேன்.

நான்காம் தடவை எனக்குக் காய்ச்சல், கடை பூட்டியிருந்தது. அவர் எதிரே போனார். அதற்குப் பிறகு அவர் வண்டி இரண்டு கடைக்குமே வரவில்லை. தங்கவேலும் கெடுத்துவிட்டார் போல என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஒருநாள் அவனியாபுரம் டீக்கடையில் மனிதரைப் பார்த்தபோது ஆசையோடு விசாரித்தேன். வண்டி ஜம்மென்று ஓடுகிறதாம். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று தங்கவேல் கேட்டாராம். கல் அறுக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் என்றதும், தூரத்து வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொல்லி, மாதம் ஒருமுறை காற்றடித்துத் தூசியை ஊதச் சொன்னாராம். கல்தூசிதான் உப்புத்தாள் மாதிரி கார்பனைத் தேய்த்திருக்கிறது.

டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “நீங்க மூணு தடவ மாத்துனீங்கண்ணே. அவரு ஒரு தடவ கேட்டாரு.”

டெர்மினல்

கயலின் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை. செக்கானூரணிப் பக்கத்து விவசாயி காசிமாயன், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சின்னக் காரில் வந்து தங்கவேல் கடை முன் நிறுத்தினார். உள்ளே எஞ்சினைக் கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிற புது ரகம். மேடுபள்ளத்தில் குலுங்கினால் சார்ஜ் விளக்கு மின்னி மறைகிறது, அவ்வளவுதான் குறை. சாயங்காலம் மகளை அந்த வண்டியில்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். தங்கவேல் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

“இங்க வாங்க, நான் பாக்குறேன்” என்று கூப்பிட்டேன். பூட்டிய கடைக்கு வந்த வாடிக்கையாளரை ரோட்டைக் கடந்து கூட்டி வரும் சுகம் இருக்கிறதே, அதை உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். கயல் முன்வரிசையில் நின்றாள். மீட்டர் இல்லாமலே உங்கப்பன் கண்டுபிடிப்பான், பார் ஆத்தா என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, எஞ்சின் ஓட ஓட டெர்மினலைக் கழற்றினேன்.

எஞ்சின் நிற்கவில்லை. ஒரு வினாடி எனக்கு வெற்றி. அடுத்த வினாடி முன்விளக்கு இரண்டும் பகலிலேயே கண் கூசும்படி வெள்ளையாக எரிந்தன. ஒன்று ‘டப்’ என்று போனது. பானட்டுக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஆல்டர்னேட்டர் குழாய் என்றால் பேட்டரி அதற்குக் கீழே இருக்கும் தொட்டி. குழாய் வேகமாகக் கொட்டும்போது தொட்டியை உருவினால் வெள்ளம் வீட்டுக்குள்தான் பாயும். பழைய வண்டிகள் அதைத் தாங்கிக்கொண்டன. இந்த வண்டியின் ஆல்டர்னேட்டருக்குள், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோடுகள் தாங்கவில்லை.

தங்கவேல் பையோடு வந்து இறங்கினார். என்னைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்த்தார். மீட்டரை வைத்து அங்கே இங்கே தொட்டார். பேட்டரி டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டிக் காட்டினார். வந்த குறை அதுதான். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, நட்டை முறுக்கியிருந்தால் முடிந்திருக்கும். கம்ப்யூட்டர் பெட்டி தப்பித்தது. ஆல்டர்னேட்டர் மாற்றியாக வேண்டும் என்றார். சாமான் என் பொறுப்பு என்று சொன்னேன்.

இருவரும் சேர்ந்தே மாற்றினோம். முதலில் எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு பெல்ட்டைத் தளர்த்தி எடுத்து, ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கி, இரண்டு போல்ட்டையும் உருவினால் ஆல்டர்னேட்டர் கையோடு வந்துவிடும். புதுசைப் பூட்டி, போன வழியே திரும்பி வர வேண்டும். கிளப்பியதும் தங்கவேல் மீட்டரைக் கயலிடம் நீட்டினார். “பதினாலு புள்ளி ரெண்டு” என்று வாசித்தாள். வாசித்துவிட்டு, நாலு பேர் முன்னால் கேட்டாள்: “மாமா, எங்க அப்பா கழட்டுனதுனாலதான போச்சு?”

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் அந்தப் பொய்யைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்றும் தோன்றியது. அவர் மீட்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, “ஆமா பாப்பா. நானும் இதே மாதிரி ஒண்ண எரிச்சிருக்கேன். அதுக்கப்புறம்தான் மீட்டரு வாங்குனேன்” என்றார். பார்த்தீர்களா? எரித்ததில்கூட அவர் என்னை முந்திவிட்டார்.

காசிமாயன் இவ்வளவு நேரமும் துண்டால் விசிறிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறும்போது சொன்னார்: “அவரு கழட்டுறாரு, நீரு மாட்டுறீரு. அப்பறம் எதுக்கய்யா நடுவுல ஒரு ரோடு?”

வியாழக்கிழமை

புதன்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். பிள்ளைகளிடம் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். கயல் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, “அந்த அறுத்த ஆல்டர்னேட்டர எனக்குத் தருவீங்கள்லப்பா?” என்று கேட்டாள். உனக்காகத்தானே அறுத்தேன் ஆத்தா என்றேன். தலையாட்டினாள். பிறகு கொஞ்ச நேரம் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்த வெள்ளைச் சட்டையோடு தங்கவேலின் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் கடையும் திறந்திருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது போர்டு கொஞ்சம் சாய்ந்திருப்பது முதல்முறையாகத் தெரிந்தது. ஒருவர் காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, தங்கவேல் எங்கே என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீங்க யாருண்ணே, இங்க புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களா?”

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் இவ்வளவுதான்: நான்கு நாள் உட்கார்ந்து ஆல்டர்னேட்டரை அறுத்துத் துடைத்துக் கொடுத்தது நான், ஐந்தாம் வகுப்புக்குக் கயல் கூட்டிக்கொண்டு போனது தங்கவேலை.